பொண்ணுதான் என்றார்கள்

பெற்றவர்கள் வைத்த பெயர் சித்ரகலா. முப்பது வயதை ஒட்டி அவராகவே அதை அறுத்துப் போட்டு, ‘கலை’ என்று கூப்பிட்டால் போதும் என்றார். அவன் என்பதா, அவள் என்பதா என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களிடம், “அவர்னு சொல்லுங்க. மரியாதைக்குக் கேக்கலீங்க. அதுலதான் ரெண்டும் இல்லை” என்றார். ஆகவே இங்கேயும் அவர்தான், பிறந்த நாளிலிருந்தே.

மங்கலத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் பின்சுவரை ஒட்டி அவர்கள் குடியிருந்தார்கள். அப்பா நல்லான் அங்கே தறி ஓட்டினார். அம்மா மருதாள் அதே கூடத்தில் ஊடுநூலுக்குத் தார் சுற்றினார். தறி ஓடும்வரை தொட்டிலில் நிம்மதியாகக் கிடந்த கலை, மின்சாரம் போய்த் தறி நின்றால் வீறிட்டு அழுதார். எல்லாப் பிள்ளைகளும் சத்தம் கேட்டு அழும், இது சத்தம் நின்றால் அழுகிறதே என்று அக்கம்பக்கத்தார் அதிசயப்பட்டார்கள். அடுத்து என்ன சத்தம் வரும் என்பது தறியில் தெரிந்துவிடும். மனிதர்களிடம் அது தெரியாது. பின்னாளில் கலை சொன்ன விளக்கம் இதுதான்.

யாராவது தொட்டால் தோல் எரிகிற மாதிரி விலகுவார். தயிர்ச்சோறு தவிர எதைக் கொடுத்தாலும் துப்புவார். பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்கமாட்டார். பள்ளியில் பிள்ளைகள் பின்னால் வந்து காதருகே சட்டென்று கைதட்டுவார்கள். கலை பெஞ்சுக்கு அடியில் புகுந்து சுருண்டுகொள்வார். அது அவர்களுக்கு விளையாட்டு. ஒருநாள் வாத்தியாரும் ஆசைப்பட்டு ஒருமுறை தட்டிப் பார்த்தார். வகுப்பே சிரித்தது.

இன்னொன்றும் இருந்தது. வீட்டில் “சாமி” என்றோ “கண்ணு” என்றோ கூப்பிட்டால் ஓடி வருவார். பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற “அம்மிணி” என்றால் திரும்பமாட்டார். காது மந்தம் என்று நினைத்துக் காதில் எண்ணெய் விட்டார்கள். ஏன் திரும்பவில்லை என்று அப்போது அவருக்கே தெரியாது. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தோன்றும், அவ்வளவுதான்.

வயதுக்கு வந்தபோது சொந்தமெல்லாம் கூடிச் சீர் செய்தது. பட்டுச் சேலையும் மாலையும் போட்டு நாற்காலியில் உட்கார வைத்து, வந்தவர் எல்லோரும் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். கலை மாலையை அறுத்து எறிந்துவிட்டு, பூச வந்த கையைக் கடித்தார். மருதாள் சிரித்த முகத்தோடு பந்தலுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, உள்ளே கூட்டிப்போய்த் தொடையில் சூடு வைத்தார். மறுபடி வந்து உட்கார்ந்த கலையின் முகத்தில் அழுகை கூட இல்லை. அந்தப் படம் வெகுநாள் வீட்டுச் சுவரில் தொங்கியது. “எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்குது பாருங்க” என்று மருதாள் வருகிறவர்களிடம் காட்டுவார்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு அனுப்பினார்கள். தைத்து வரும் துணியில் ஓட்டையும் கறையும் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கலைக்கு அது பிடித்தது. யாரோடும் பேச வேண்டியதில்லை. அதைவிடப் பிடித்தது சட்டை. பஞ்சுத்தூசிக்காக அங்கே பெண்கள் எல்லோரும் சேலைக்கும் சுடிதாருக்கும் மேலே ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். சட்டையை மாட்டிக் கழுத்துவரை பொத்தானைப் பூட்டியதும் உடம்பில் இருந்தவையெல்லாம் மறைந்து, வாழ்க்கையில் முதல்முறையாக மூச்சு முழுதாக வந்தது என்றார். சாயங்காலம் மற்றவர்கள் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். கலை போட்டுக்கொண்டே வேன் ஏறினார். வீட்டு வாசலில் நல்லான் அதைப் பிடித்துக் கிழித்தார். அடுத்த நாள் வேறொன்று போட்டுக்கொண்டு வந்தார். அப்பா அதையும் கிழித்தார். அதற்குப் பிறகு கலை தெருமுனையிலேயே கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்.

2003-இல் கல்யாணம். மாப்பிள்ளை தமிழ்செல்வன், ராயபுரத்தில் நூல் கடை வைத்திருந்தவர். குடிப்பழக்கம் கிடையாது, அதிர்ந்து பேசமாட்டார். கலை வேண்டாம் என்று சொன்னார்தான். “எதுக்கு வேண்டாம்?” என்று கேட்டார்கள். “எனக்கு அந்த ஆசை வரலீங்க” என்றார். மருதாள் சிரித்தார். “ஆசை வந்துதானா சாமி ஒலகத்துல எல்லாரும் கல்யாணம் பண்ணறாங்க? பண்ணுனா தானா வரும்.”

வரவில்லை. தமிழ்செல்வன் முதல் மாதம் காத்திருந்தார். இரண்டாவது மாதம், கடைக்கு வருகிறவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றார். அதற்கப்புறம் காத்திருக்கவில்லை. கலை கண்ணை மூடிக்கொண்டு, தலைக்குள்ளே ஒரு தறியை ஓடவிட்டு, அது முடியும்வரை அதன் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு பாத்ரூமில் போய் உடம்பு சிவக்கத் தேய்த்துக் குளிப்பார். மாமியார் காளியாத்தாள் தண்ணீர் வீணாகிறது என்று திட்டுவார்.

“நான் என்ன கெட்டவனா?” என்று தமிழ்செல்வன் ஒருநாள் உண்மையாகவே கேட்டார். “ஏதோ பொணத்தாட்டக் கெடக்கற. என்னைப் புடிக்கலையா? வேற எவனையாச்சும் நெனச்சுட்டு இருக்கறயா?”

“யாரையும் நெனைக்கலீங்க. யார் வந்தாலும் இப்புடித்தானுங்க இருப்பேன்.”

உண்மையைச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று கலை நினைத்திருந்தார். தமிழ்செல்வன் அடித்தது அன்றைக்குத்தான் முதல்முறை.

வருஷம் திரும்புவதற்குள் ராயபுரத்துக்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு மங்கலத்துக்கு வந்து இறங்கினார்கள். கலையையும் கூட்டி வந்திருந்தார்கள். காளியாத்தாள் காபியை வாங்கிக் குடித்துவிட்டு, குரலை உயர்த்தாமல் பேசினார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க புள்ளை பொம்பளைதானான்னே எங்களுக்குச் சந்தேகமா இருக்குதுங்க. பாத்துச் சொல்லிப் போட்டீங்கன்னா நாங்க மேக்கொண்டு பேசலாமுங்க.”

நல்லான் தலையைக் குனிந்துகொண்டார். ஆண்கள் வெளியே போய் நின்றார்கள். மருதாளும் காளியாத்தாளும் ஓர் அத்தையும் கலையை உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கதவைத் தாழிட்டார்கள். உள்ளே நடந்ததைக் கலை யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. கையைப் பிடித்துக்கொண்டது அம்மா என்பதை மட்டும் சொல்வார்.

கதவு திறந்தது. மருதாள் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றவர்களிடம் சொன்னார்: “பொண்ணுதானுங்க. ஒரு கொறையும் இல்லீங்க.” அந்தக் குரலில் இருந்த நிம்மதி அத்தனை பேருக்கும் கேட்டது.

பின்னாலேயே கலை வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இல்லீங்க” என்றார்.

“என்னடி இல்லை?”

“நான் பொண்ணு இல்லீங்க.”

தமிழ்செல்வனின் சித்தப்பா ஒருவர் சிரித்துவிட்டார். “அப்ப என்ன, ஆம்பளையா?”

கலை யோசித்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டவர் கேலிக்குத்தான் கேட்டார் என்பது அவருக்குப் புரியவில்லை. கேள்வி சரியான கேள்வி. அதனால் நிதானமாகப் பதில் சொன்னார்.

“அதுவும் இல்லீங்க.”

சொன்ன பிறகுதான் தனக்கே அது தெரிந்தது என்றார். அதுவரைக்கும் உள்ளே பெயரில்லாமல் கிடந்தது வாய் வழியாக வெளியே வந்து எதிரில் நின்றது. உடம்பெல்லாம் வலி, ஆனாலும் மனசுக்குள் ஒரு லேசு. அது சில நொடி நீடித்திருக்கும். நல்லான் தறிக்கூடத்துக்குள் போய்த் தோல்வார் ஒன்றை எடுத்து வந்தார். அடி ஓயும்வரை ராயபுரத்துக்காரர்கள் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கலையை விட்டுவிட்டு வேன் ஏறினார்கள். ஊரார் முன்னிலையில் கல்யாணத்தை அத்துவிட்டாயிற்று.

கலை மறுபடி செக்கிங் வேலைக்குப் போனார். வாழாவெட்டி என்ற பேரோடு ‘ஒம்போது’ என்ற பேரும் சேர்ந்துகொண்டது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நகர்ந்தது அவருக்கு வசதியாகவே இருந்தது. ஏன் நகர்ந்தார்கள் என்பதுதான் உறுத்தியது.

அந்தச் சமயத்தில்தான் ராமரைப் பற்றிக் கேள்விப்பட்டார். பக்கத்துக் கம்பெனியில் டெய்லர். தெற்கே விருதுநகர்ப் பக்கம் பெண்ணாகப் பிறந்து, ஊரை விட்டு ஓடிவந்து, பேரை மாற்றிக் கிராப்பு வெட்டிக்கொண்டு ஆணாக வாழ்கிறார் என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். கலைக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. தன்னைப்போல ஒருத்தர். சாயங்காலம் டீக்கடை முன்னால் காத்திருந்து, ராமர் வந்ததும் நேராகப் போய் நின்றார்.

“நானும் பொண்ணு இல்லீங்க” என்றார், வணக்கம் கூடச் சொல்லாமல்.

ராமர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு ஓரமாகக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். கலை எல்லாவற்றையும் சொன்னார். சீர், சட்டை, கல்யாணம், உள்ளறை. ராமர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும், குரலைத் தாழ்த்தி, “சரி, யாரு அந்தப் பொண்ணு?” என்றார்.

“எந்தப் பொண்ணுங்க?”

“நீ ஆசப்பட்ட பொண்ணுப்பா. ஒருத்தியாச்சும் இருப்பாள்ல?”

“அப்படி யாரும் இல்லீங்க. யார் மேலயும் வர்றதில்லை. ஆம்பளை ஆகோணும்னும் இல்லீங்க.”

ராமரின் முகத்தில் இருந்த ஈரம் மெல்லக் காய்ந்தது.

“பொண்ணு மேலயும் ஆச இல்ல, ஆம்பள ஆகவும் வேணாம். அப்புறம் என்னத்துக்கு இந்த வேசம்? நான் ஒருத்திக்காக ரெண்டு கையும் முறிஞ்சு கெடந்தேன். அவள அவங்க ஆளுகளே வெசம் வச்சுக் கொன்னாங்க. நாங்க பட்ட பாடெல்லாம் ஒனக்கு வெளையாட்டா இருக்கா? புருசனுக்குப் பயந்து கத கட்டிக்கிட்டுத் திரியுற. இனிமே எங்கிட்ட வராத.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பாவின் அடியை விட அது அதிகமாக வலித்தது என்று கலை சொல்வார். அப்பா புரியாமல் அடித்தார். ராமருக்குப் புரியும் என்று நம்பிப் போயிருந்தார்.

பிறகு சில வருஷம் கலை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தனக்குள் மூன்று நோய்கள் இருப்பதாக முடிவு கட்டிக்கொண்டார்: காதிலும் தோலிலும் ஒன்று, உடம்பு தன்னுடையது இல்லை என்பது ஒன்று, ஆசை இல்லாதது ஒன்று. மூன்றும் சேர்ந்த பிண்டம் உலகத்தில் தான் ஒருத்தர்தான்.

தம்பி சசிகுமாருக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருந்தது. இலக்கியா. தம்பி மனைவி கருணாம்பிகை அவிநாசிக்காரி, நல்ல மனசுக்காரி. கலை தயிர்ச்சோறு மட்டும் தின்பதைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரே ஆள் அந்த வீட்டில் அவள்தான். இலக்கியாவுக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுவாள். தூக்கினால் விறைப்பாள். கலையிடம் மட்டும் வருவாள். கலை தூக்கமாட்டார், கொஞ்சமாட்டார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் மூடிகளை வரிசையாக அடுக்கினால் தானும் அடுக்குவார். மணிக்கணக்கில் இருவரும் ஒரு வார்த்தை இல்லாமல் இருப்பார்கள்.

2009-இல் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைக் காட்டப் போனார்கள். கலை இல்லாமல் இலக்கியா பஸ் ஏறமாட்டாள் என்பதால் அவரும் போனார். இளவயது டாக்டரம்மா. ஒவ்வொன்றாகக் கேட்டார். சத்தம், சாப்பாடு, தொடுவது, கண்ணைப் பார்ப்பது. பெற்றவர்கள் தயங்கிய இடத்திலெல்லாம் கலை பதில் சொன்னார். கடைசியில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்:

“பாப்பாவுக்கு இருக்கறதுக்கு ஆட்டிசம்னு பேரு. இது நோய் இல்லை. பிறக்கும்போதே மூளை வேற மாதிரி அமைஞ்சிருக்கு. அடிச்சோ மிரட்டியோ மாத்த முடியாது. பேச்சுக்குப் பயிற்சி கொடுக்கலாம். மத்தபடி அவ எப்படியோ அதுக்குத் தகுந்தாப்பல நாமதான் பழகிக்கணும்.”

“பெரியவங்களுக்கும் இருக்குங்களா?” என்றார் கலை.

“சின்ன வயசுல இருந்தா பெரிய வயசுலயும் இருக்கும். எங்க போயிடும்?”

“அப்ப எனக்கும் இருக்குதுங்க.”

சசிகுமார் கலையின் முதுகில் இடித்தார். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, மேற்கொண்டு சிலவற்றைக் கேட்டார். தறிச் சத்தத்தைப் பற்றிக் கலை சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “நான் குழந்தைகளைப் பார்க்கற டாக்டர். உங்களுக்கு உறுதியா என்னால சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றது எல்லாமே பொருந்துது. பொண்ணுங்களா இருந்தா இதை யாரும் கவனிக்கறதே இல்லை.”

“நான் பொண்ணு இல்லீங்க” என்று கலை சில வருஷம் கழித்து மறுபடியும் சொன்னார். டாக்டரம்மா திகைத்தார். ஆனால் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் இலக்கியாவும் பக்கத்தில் கலையும். அமைப்பு என்று ஒன்று உண்டு, அது பிறவியிலேயே வரும், கெட்டுப் போனதல்ல என்றால், மற்ற இரண்டுக்கும் அது பொருந்தாதா? பெண்ணும் இல்லாமல் ஆணும் இல்லாமல் இருப்பதும், யார் மேலும் ஆசை வராததும் கூட அப்படியே வந்தவையாக இருக்கலாமே. ஒன்றினால் மற்றொன்று வந்ததா, தனித்தனியா என்று அவருக்குத் தெரியாது. மூன்றும் தன்னுடையவை, திருத்துவதற்கு ஒன்றுமில்லை. சூலூர் தாண்டுவதற்குள் கலை சத்தமாகச் சிரித்துவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கருணாம்பிகையிடம் போனார். அவள் அழுது வீங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் படிக்கக் கலைக்குத் தெரியவில்லை.

“அழுவாதீங்க கருணா. பாப்பாவும் நானும் ஒண்ணேதான். எனக்கும் சின்னதுல இப்புடித்தான் இருந்துது. அவ பெரிசானா அவளுக்கும் கல்யாணம் புடிக்காம இருக்கலாம். பொண்ணாட்ட இருக்கப் புடிக்காமயும் போலாம். அப்ப கட்டாயப்படுத்திப் போடாதீங்க. அப்புடியே உட்டீங்கன்னா நல்லா இருப்பா.”

கருணாம்பிகை எழுந்து குழந்தையைப் பற்றி இழுத்துத் தன்னோடு இறுக்கிக்கொண்டாள். குழந்தை விறைத்து அலறியது.

“நங்கையா” என்று நாத்தனாரைக் கூப்பிடும் முறையில் கூப்பிட்டாள், கை கூப்பாத குறையாக. “என்ற புள்ளைக்கு என்ன வேணா வரட்டுமுங்க. ஊமையாக் கெடக்கட்டும், நொண்டியாப் போகட்டும். உங்களாட்ட மாத்தரம் ஆயறக் கூடாதுங்க.”

அன்று சாயங்காலமே வீடு முடிவு செய்துவிட்டது. கலையோடு பழகிப் பழகித்தான் குழந்தைக்கு இது ஒட்டிக்கொண்டது என்று மருதாள் சொன்னார். டாக்டர் பிறவி என்றாரே என்று யாரும் சொல்லவில்லை. சசிகுமார் முற்றத்தில் நின்று, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அக்கா, நீங்க வேற எடம் பாத்துக்குங்க.” இலக்கியா கதவுக்குப் பின்னால் கத்திக்கொண்டே இருந்தாள்.

கலை வீரபாண்டியில் லைன் வீடு ஒன்றைப் பிடித்தார். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார். நாள் முழுக்கச் சட்டை போட்டுக்கொண்டார். கிழிக்க ஆளில்லை. தெருவில் கூவினார்கள், ஒருமுறை கதவில் சாணி அடித்தார்கள். பிறகு அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

மங்கலத்தில் இலக்கியாவைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போவதைச் சில மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். குழந்தை அழுதால் தூங்குவதற்கு ஒரு சிரப்பு ஊற்றினார்கள். பிறகு கருணாம்பிகைக்கு இன்னொரு பிள்ளை உண்டானதும், இலக்கியாவை ஊருக்கு வெளியே இப்படிப்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதியில் விட்டார்கள்.

இதைச் சொல்லத்தான் மருதாள் வீரபாண்டிக்கு வந்தார். ஒரே ஒருமுறை. பாயில் உட்கார்ந்து, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அங்க அவளைக் கையக் காலப் புடிச்சுத்தான் குளிப்பாட்டறாங்களாமா. நீயும் இப்புடித்தான சாமி இருந்த. அன்னிக்கு அந்த ரூம்புல… நான் புடிச்சது உனக்கு வலிச்சுதா?”

“வலிச்சுதுங்கம்மா.”

மருதாள் காத்திருந்தார். எந்தப் பிள்ளையும் அடுத்துச் சொல்லக்கூடிய ஒரு வார்த்தைக்காக. “இப்ப பரவால்லீங்கம்மா” என்றால் போதும். கலைக்கு அந்த வலி இன்னும் போகவில்லை, ஆகவே சொல்லவில்லை. அம்மா எதற்காகக் காத்திருக்கிறார் என்பதும் தெரியவில்லை. மருதாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து பஸ்ஸுக்குப் போனார். கலை அவருக்கு வழி காட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலை விடுதிக்குப் போனார். பெற்றவர்கள் தவிர வேறு யாரையும் உள்ளே விடுவதில்லை என்றார் வாசலில் இருந்த காவலாளி. என்ன உறவு என்று கேட்டார். அத்தை என்று சொல்லக் கலைக்கு வாய் வரவில்லை. மாமன் என்பதும் பொய். “அவளாட்டவே நானும்” என்றார்.

காவலாளி கேட்டைச் சாத்தினார். எதிர்ப்புறம் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அங்கே நின்றால் உள்ளே குழந்தைகளை வெயிலில் வரிசையாக உட்கார வைப்பது கம்பி வழியே தெரியும். கலை ஞாயிறுதோறும் போய் நிற்கிறார். இலக்கியா ஒருமுறையும் இந்தப் பக்கம் திரும்பியதில்லை.